கேதம் கேட்கப் போக முடியாத ஊர்

கொரோனா காலத்தை அயர்லாந்தின் கிராமப் பங்குகள் (ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த ஊர்த்தொகுதிகள்) எப்படிச் சமாளித்தன என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: கோவிலில் கேமரா வைத்தார்கள், திருப்பலி என்கிற பூசை ஆன்லைனுக்குப் போனது. தப்பான பதில் இல்லை. ஆனால் இது பாதிக் கதையைக்கூடச் சொல்லவில்லை என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை. ஞாயிறு பூசைக்கு வரும் கூட்டம் அங்கே கொரோனாவுக்குப் பல வருஷம் முன்பிருந்தே கரைந்துகொண்டுதான் இருந்தது. பூசைக்கு வராதவர், கோவிலைத் திட்டுகிறவர், பாதிரியார் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறவர், எல்லோரும் தவறாமல் போகிற இடம் ஒன்று உண்டு. அது சாவு வீடு. அந்த ஊர்களில் பங்கு என்றால் யார் சாவுக்கு யார் போகவேண்டும் என்ற கணக்குதான். 2020 மார்ச்சில் அடிபட்டதும் அந்தக் கணக்குதான்.

அயர்லாந்துத் தீவில் 1,300க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகள் இருக்கின்றன. கிராமப்புறத்தில் பங்கின் எல்லை கோவிலோடு நிற்பதில்லை. ஆரம்பப் பள்ளி அதற்குள் வரும். ஜிஏஏ எனப்படும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் கிளையும் பெரும்பாலும் அதே எல்லைக்குள்தான். பெரும்பாலும் எந்தப் பங்கில் வளர்ந்தாயோ அந்தப் பங்கின் சட்டைதான் போட்டு ஆடவேண்டும், நினைத்தவுடன் மாறிவிட முடியாது. பங்குக்குள்ளே டவுன்லேண்ட் என்கிற சின்னச் சின்ன நிலப்பிரிவுகள். தீவு முழுக்க ஏறத்தாழ 60,000 இருக்கும். வீட்டுக்கு எண் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. டவுன்லேண்ட் பெயரும் குடும்பப் பெயரும் போதும், தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார். 2015இல் வீட்டுக்கு வீடு ஏழெழுத்து அஞ்சல் குறியீடு வந்த பிறகும் சாவு அறிவிப்பில் டவுன்லேண்ட் பெயர்தான் முதலில் வரும்.

சாதாரண நாளில் நடப்பது இது. இறந்தவரை மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் அடக்கம் செய்துவிடுவார்கள். செய்தியை உள்ளூர் வானொலி வாசிக்கும். மேயோவில் மிட்வெஸ்ட் ரேடியோ, கெர்ரியில் ரேடியோ கெர்ரி என்று கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று இருக்கிறது, மரண அறிவிப்பு நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. கூடவே மரண அறிவிப்புக்கென்றே இருக்கும் ஆர்ஐபி டாட் ஐஇ இணையதளத்திலும் ஏறும். இரண்டாம் நாள் மாலை பெட்டி திறந்திருக்க, அதன் பக்கத்தில் குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊர் ஒரு கதவால் நுழையும். ஒவ்வொரு கையாகக் குலுக்கி, “சாரி ஃபார் யுவர் ட்ரபிள்” என்ற அந்த நாலே சொல்லைச் சொல்லி, இன்னொரு கதவால் அடுப்படிக்குப் போகும். அங்கே பங்கு மண்டபத்திலிருந்து வந்த பெரிய தேநீர்க் கொதிகலனும் ஹாம் சாண்ட்விச் தட்டுகளும் காத்திருக்கும். வெளியே ஒளிரும் மஞ்சள் மேலங்கி போட்ட ஜிஏஏ ஆட்கள் கையில் டார்ச்சோடு கார்களை வயலுக்குள் திருப்பிவிடுவார்கள். செத்தவரை உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் மகனோடு வேலை பார்க்கிறாய் என்றால் போயாகவேண்டும். போகாவிட்டால் குறித்து வைத்துக்கொள்வார்கள், நம் ஊர்ப் பக்கம் போலவேதான்.

பத்துப் பேர், இரண்டு கிலோமீட்டர்

2020 மார்ச் 12 அன்று பிரதமர் லியோ வரத்கர் வாஷிங்டனில் இருந்தபடியே பள்ளிகளை மூடுவதாக அறிவித்தார். மார்ச் 27 நள்ளிரவு முதல் எல்லோரும் வீட்டோடு. உடற்பயிற்சிக்கு மட்டும் வீட்டைச் சுற்றி 2 கி.மீ. 70 வயது கடந்தவர்கள் வாசலையே தாண்டக்கூடாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கக்கூனிங்’, பட்டுப்புழு கூட்டுக்குள் இருப்பதுபோல. பல கிராமங்களில் பங்குத்தந்தையே அந்த வயதைத் தாண்டியவர் என்பதை மேலே உட்கார்ந்து விதி எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியாது. அடக்கத்துக்குப் பத்துப் பேர். வீட்டில் பார்வைக்கு வைப்பது இல்லை. கொரோனாவால் போனவர் என்றால் பெட்டி மூடியபடியே.

பத்து என்பது கேட்கத் தாராளமாகத்தான் இருக்கும். எட்டுப் பிள்ளை பெற்ற தலைமுறை சாகிற காலம் அது. எட்டுப் பேரும் துணையோடு வந்தால் பதினாறு. தாத்தா கையைப் பிடித்து வளர்ந்த பேரப்பிள்ளை எந்தக் கணக்கிலும் வரமாட்டான். இறந்தவரின் அண்ணன் 82 வயதில் கக்கூனுக்குள் இருக்கிறார், அவரை விடலாமா? சாவு வீட்டில் முதல் ராத்திரி பெட்டி எந்த மரம், பாட்டு என்ன என்றெல்லாம் பேசவேண்டிய நேரத்தில் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்து யாரை விடுவது என்று பேசினார்கள். அந்தத் தாளில் விடுபட்ட பெயர்கள் சில வீடுகளில் இன்னும் ஆறவில்லை.

அந்த 2 கி.மீ. விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நகரத்தில் அது பூங்கா, கடை, நண்பர் வீடு எல்லாவற்றையும் அடக்கிவிடும். கிராமத்தில் கோவிலே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், கல்லறைத் தோட்டம் அதற்கும் அப்பால். ஒருவரின் வட்டத்துக்குள் மூன்று நான்கு பண்ணை வீட்டு வாசல்களும் கொஞ்சம் மாடுகளும்தான். ஆக, சாவு வீட்டுக்கும் போகமுடியாது, கோவிலுக்கும் போகமுடியாது, கல்லறைக்கும் முடியாது. ஆனால் சாவு வீட்டிலிருந்து கோவிலுக்குப் போகிற சாலை பலருடைய வட்டத்துக்குள்ளே புகுந்து போகிறது. உன் வீட்டு கேட்டருகே நீ நிற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

வரிசை நின்றது, வீடு நகர்ந்தது

இதை யாரும் உத்தரவு போட்டுத் தொடங்கியதாகச் சொல்லமுடியாது. அந்த வசந்தத்தில் மேற்குக் கவுண்டிகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இது தலைகாட்டியது. அமரர் ஊர்தி வருகிற சாலை நெடுக, இரண்டு மீட்டருக்கு ஒருவராக, ஊர் வந்து நின்றது. விவசாயி டிராக்டரைக் கேட்டில் நிறுத்தி விளக்கை எரியவிட்டிருப்பார். விளையாட்டுப் பையன்கள் கிளப் சட்டையில் நிற்பார்கள். வெளியே வரமுடியாத கிழவி ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

வெளியில் இருந்து பார்த்தவர்கள் இதை ஒரு மரியாதை அணிவகுப்பாகத்தான் பார்த்தார்கள், படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. வழக்கமான கேதத்தில் குடும்பம் உட்கார்ந்திருக்கும், ஊர் வரிசையாக அவர்களைக் கடந்துபோகும். இங்கே ஊர் அசையாமல் நின்றது, குடும்பம் அதைக் கடந்துபோனது. அதே வரிசைதான், ஒன்பது கிலோமீட்டருக்கு நீட்டி இழுக்கப்பட்டிருக்கிறது. ஊர்திக்குப் பின்னால் முதல் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். யார் வந்தார், யார் வரவில்லை என்ற பழைய கணக்கு அப்படியே தொடர்கிறது. கை மட்டும் தொடவில்லை. சில இடங்களில் யாரும் சொல்லாமலே வலது கையை நெஞ்சில் வைத்தார்கள்.

இதைச் சரியாக நடத்துவதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. பெட்டி வீட்டைவிட்டு 10.15க்குப் புறப்படுகிறது, கோவில் 9 கி.மீ., பூசை 11 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 18 நிமிடம். பள்ளி, மைதானம், இறந்தவர் காலமெல்லாம் பால் கொண்டுபோய் ஊற்றிய கிரீமரி, மூன்றிலும் ஒவ்வொரு நிமிடம் நிறுத்தம். கிராமத்துத் தெரு ஒரு 400 மீட்டர் வரும். அங்கே அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் அண்டர்டேக்கர் இறங்கி ஊர்திக்கு முன்னால் நடப்பார், அதற்கு 6 நிமிடம். மொத்தம் அரை மணிக்குச் சற்றுக் குறைவு. கோவில் வாசலில் கால் மணி கையிருப்பு வேண்டும், பெட்டியை இறக்கவேண்டும், பத்துப் பேரையும் தள்ளித்தள்ளி உட்காரவைக்கவேண்டும்.

அறிவிப்பில் என்ன போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூசை நேரத்தை மட்டும் போட்டால் ஊர் முழுக்கக் கோவில் கேட்டில் வந்து குவியும், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும். டவுன்லேண்ட் டவுன்லேண்டாக, நாற்சந்தி நாற்சந்தியாக, ஊர்தி ஏறத்தாழ எத்தனை மணிக்கு அந்த இடத்தைத் தாண்டும் என்று போட்டால் கூட்டம் தானாகப் பரவிவிடும். நேரத்தைக் கொஞ்சம் முந்தியே போடவேண்டும். தாமதமாக வந்த ஊர்திக்கு மழையில் இருபது நிமிடம் நிற்பார்கள், முணுமுணுக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் முன்னால் போய்விட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். எல்லாவற்றிலும் மோசமான தவறு வழியை மாற்றுவது. ஓட்டுநர் குறுக்கு வழி பிடித்துவிட்டால் ஒரு டவுன்லேண்ட் முழுக்கத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் சாலையைப் பார்த்து நிற்கும். மூன்று மீட்டர் அகலச் சாலையில் எந்தப் பக்கம் நிற்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகவேண்டும். இரு பக்கமும் நின்றால் இரண்டு மீட்டர் இடைவெளியும் போச்சு, எதிரே வரும் பால் லாரிக்கு வழியும் போச்சு. புல்மேடு இருக்கும் பக்கம் மட்டும் நிற்பது நல்லது. மே 5 முதல் வட்டம் 5 கி.மீ. ஆனதும் வரிசையில் இடைவெளிகள் நிரம்பத் தொடங்கின.

கல்லறைப் பக்கம் இன்னொரு சிக்கல். மேற்கில் பல பங்குகளில் குழி தோண்டுவது கூலி வேலை இல்லை, அக்கம்பக்கத்தார் கடமை. முந்தின நாள் மூன்று நான்கு பேர் மண்வெட்டியோடு போவார்கள். திங்களன்று புதுக்குழி திறக்கக்கூடாது என்ற நம்பிக்கை உள்ள இடங்களில், திங்கள் அடக்கம் என்றால் அதற்கு முன்பே ஒரு பிடி புல்லையாவது பெயர்த்து வைத்துவிடுவார்கள். கொரோனாவில் ஆளுக்கொரு மண்வெட்டி, மாற்றி வாங்கக்கூடாது, ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் நல்லது. பெட்டியைத் தோளில் தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டும். ஆறு பேரும் பக்கத்து ஆளின் தோளை அணைத்துக்கொண்டால்தான் பெட்டி ஆடாது. வெவ்வேறு வீட்டுக்காரர்கள் அப்படி அணைத்துக்கொள்ளக்கூடாது. ஆகவே சக்கர வண்டி வந்தது. தார்ப்பாதையில் அது நன்றாக ஓடும், கல்லறைப் புல்லில் மழைக்குப் பிறகு சின்னச் சக்கரம் இறங்கிவிடும். கடைசி முப்பது மீட்டருக்கு ஒட்டுப்பலகைத் தகடுகளைப் போட்டு அதன்மேல் தள்ளுவது ஒரு வழி.

வரிசையால் தீராதது ஒன்று உண்டு. அது அடுப்படி. அடக்கம் முடிந்து இறந்தவரின் மனைவி வீடு திரும்பும்போது அடுப்படியில் யாரும் இல்லை. கேதத்தில் அழுகை பெட்டியருகே நடக்கும், ஆறுதல் நடப்பது அடுப்படியில்தான். இறந்தவர் முயல் வேட்டையில் மாட்டிக்கொண்ட கதையை நாலாவது தடவையாக யாராவது சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். அதற்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை. சாப்பாடு மட்டும் வாசற்படிக்கு வந்தது. வழக்கமாகக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டிக் கொடுப்பார்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் இன்னொரு பேச்சு நடக்கும். இப்போது எல்லாம் அலுமினியத் தகட்டுத் தட்டு, திருப்பித் தரவேண்டாம். சுத்தம் என்று பார்த்தால் சரி. அந்த இன்னொரு பேச்சும் சேர்ந்து போயிற்று.

அறிவிப்புப் பலகை புள்ளிவிவரம் ஆனது

இங்கே ஒரு கிளைக்கதை. அயர்லாந்தில் மரணத்தைப் பதிவு செய்ய அப்போது மூன்று மாதம் அவகாசம் இருந்தது. தொற்று பரவும்போது இந்த வாரம் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று தெரியவேண்டிய அரசுக்கு மூன்று மாதம் பிந்திய கணக்கு எதற்கு ஆகும்? ஆனால் ஊருக்குச் சொல்லாமல் புதைக்காத நாடு அது. செத்த ஒன்றிரண்டு நாளுக்குள் ஆர்ஐபி டாட் ஐஇ தளத்தில் பெயர், டவுன்லேண்ட், தேதி எல்லாம் வந்துவிடும். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தின் அறிவிப்புகளை வைத்துத்தான் மத்தியப் புள்ளிவிவர அலுவலகமும் சுகாதாரத் தர ஆணையமான ஹிக்வாவும் 2020இல் கூடுதல் மரணங்களை மதிப்பிட்டன. கேதத்துக்கு ஆள் திரட்டுவதற்காக வந்த வழக்கம் ஒரு நாட்டின் நோய்க்கணக்குக்கு அடித்தளமானது. பங்கு என்ற பழைய ஏற்பாட்டைக் கேலி செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேமராவுக்கு வருகிறேன். நான் அதைக் குறைத்துப் பேசியது போதும், 2021 ஜனவரியில் அது இல்லாமல் முடிந்திருக்காது. அடக்கத்துக்கு வரக்கூடியவர் எண்ணிக்கை இலையுதிர் காலத்தில் 25 ஆகியிருந்தது, மறுபடி பத்துக்கு இறங்கியது. அந்த அலை முதல் அலையைவிட வீடுகளுக்குள் ஆழமாகப் புகுந்தது. அம்மா இறந்திருப்பார், பிள்ளைகள் நோயோடு தனிமையில் இருப்பார்கள். பத்து இடம் இருந்தும் உட்கார ஆளில்லை. கேட்டருகே நிற்கவும் முடியாது. அப்போது மிச்சமிருந்தது கேமரா மட்டும்தான். கடல் கடந்த பிள்ளைகளுக்கோ முதலிலிருந்தே அதுதான். ஜனவரியில் அங்கே காலை 11 மணிப் பூசை என்றால் பாஸ்டனில் விடியற்காலை 6, சிட்னியில் இரவு 10.

கேமராவை மாட்டுவது பெரிய காரியம் இல்லை, ஒழுங்காக மாட்டுவதுதான் காரியம். பாட்டு மாடத்தின் கைப்பிடியில், பீடத்தை நேராகப் பார்க்கும்படி, சுழன்று பெரிதாக்கக்கூடிய ஒன்று போதும். மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் போகலாம், 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும். பீடத்துக்குப் பின்னால் கிழக்கு நோக்கிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் காலைப் பூசையில் பாதிரியார் கறுப்பு நிழலாகத் தெரிவார். கேமராவின் ஒளி அளவைத் தானியங்கியில் விடாமல் பீடத்துக்கு ஏற்றபடி கையால் நிறுத்திவைக்கவேண்டும். படத்தைவிட ஒலி முக்கியம். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பினால் கல் சுவரின் எதிரொலிதான் கேட்கும். கோவில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேரடியாக ஒரு கம்பி இழுக்கவேண்டும். இழுத்ததும் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்தால் இரண்டு கருவிகளும் வேறு வேறு எர்த்தில் இருக்கின்றன என்று பொருள், நடுவே ஒரு தனிமைப்படுத்தும் மின்மாற்றி போட்டால் நின்றுவிடும். அடுத்தது இணையம். பழைய செப்புக் கம்பி இணைப்பில் மேலேற்றும் வேகம் ஒரு மெகாபிட்டைத் தொடாது, பார்க்கத்தக்க படத்துக்கு இரண்டு மூன்றாவது வேண்டும். 4ஜி ரவுட்டர் வைத்தால் ஆகும். ஆனால் அரை மீட்டர் தடிமன் சுவருக்குள் சிக்னல் வராது, ஆண்டெனாவை வெளிச்சுவரில் கைபேசிக் கோபுரம் இருக்கும் திசை பார்த்து மாட்டவேண்டும். எல்லாம் செய்துவிட்டுப் பூசை முடிந்தபின் பாதிரியாரின் சட்டை மைக்கை அணைக்க மறந்தால், உடை மாற்றும் அறையில் அவர் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்பது சிட்னிவரை போய்ச் சேரும்.

கேமராவுக்கும் முந்திய ஒரு சங்கதி இருக்கிறது. அயர்லாந்தில் கோவில்களும் சமூக அமைப்புகளும் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சிறிய அலைபரப்பு செய்ய உரிமம் வாங்கலாம். பூசை நேரத்தில் ஒலிபெருக்கியின் சத்தம் அப்படியே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். அடுப்படி மேடையில் இதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி எப்போதும் அந்த அலைவரிசையில் காத்திருக்கும். பிராட்பேண்டும் கைபேசியும் இல்லாத மூத்தவர்களுக்கு இது கைகொடுத்தது. கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி பூசை கேட்க இதையே பயன்படுத்தலாம் என்று நினைத்தால் நடக்காது. கார் ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்காது, அதன் எஃப்எம் 87.5இலிருந்து 108 வரைதான்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். மந்திரித்த தண்ணீர்த் தொட்டிகள் வற்றின. சமாதான வாழ்த்துக்குக் கை கொடுப்பது நின்றது. வாரக் காணிக்கை உறைகள் வீட்டிலேயே தங்கின. ஒவ்வொரு வீடாக முறைவைத்துப் பூசை நடக்கும் ‘ஸ்டேஷன்’ என்ற பழைய வழக்கம் விட்டுப்போனது. அதைச் சாக்காக வைத்துத்தான் பல வீடுகள் வெள்ளையடிப்பதே. கோவில்கள் 2020 ஜூன் 29 அன்று திறந்தன, பிறகு மூடின, டிசம்பரில் திறந்தன, மறுபடி மூடின, 2021 மே 10 அன்று ஐம்பது பேரோடு திறந்தன. இடையில் கேவன் கவுண்டியில் ஆட்களை உள்ளே விட்டுப் பூசை வைத்த பங்குத்தந்தை ஒருவருக்கு 500 யூரோ அபராதம் விழுந்தது. அவர் செய்தது சரியா என்று அந்த ஊர்களில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

2022 ஜனவரி 22 முதல் பெரும்பாலான கட்டுப்பாடுகள் போயின. பெட்டி மறுபடி திறந்தது, நாற்காலிகள் வரிசையாக வந்தன, கொதிகலன் மண்டபத்திலிருந்து வந்தது. கை குலுக்கல் மட்டும் உடனே வரவில்லை. வரிசையில் வருகிறவர் பாதி நீட்டிய கையோடு தயங்குவார், உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துக் கையை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பார், பின்னால் வரிசை தேங்கும். அறிவிப்பின் கடைசி வரியில் கேமரா இணைப்பு இன்றும் வருகிறது. ஊர்தி எந்த வழியாக, எந்த நாற்சந்தியை எத்தனை மணிக்குத் தாண்டும் என்பதையும் சில குடும்பங்கள் இன்னும் போடுகின்றன. வீட்டுக்கு வந்து கை கொடுத்துவிட்டுப் போனவர்களே மறுநாள் காலை தங்கள் கேட்டருகேயும் வந்து நிற்கிறார்கள்.